ஆகாய விமானத்தில் ஒரு வகுப்பறை

லாரி கியூபன் 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆசிரியர்களும் இயந்திரங்களும்' என்னும் நூலின் முகப்பில் ஒரு பழைய புகைப்படம் நம்மை எதிர்கொள்கிறது. 1927-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின்மீது பறந்த ஆகாய விமானம் ஒன்றின் உட்புறம் அது. விமானத்துக்குள் பள்ளி மேசைகள் இடப்பட்டுள்ளன. மாணவர்கள் அவற்றில் அமர்ந்திருக்கிறார்கள். முன்புறத்தில் ஆசிரியர் நின்று பூகோள உருண்டையைச் சுட்டிக் காட்டுகிறார். நடைபெறுவது நிலநூல் பாடம். கீழே மெய்யான நிலமும் மலையும் கடற்கரையும் விரிந்து கிடக்க, பாடமோ உருண்டையை வைத்தே நடந்தேறுகிறது. அந்நாளைய விந்தையாகிய விமானத்தின் வயிற்றுக்குள்ளும் வகுப்பறை வகுப்பறையாகவே இருந்தது. நூல் முழுவதையும் இப்படத்துக்கு எழுதப்பட்ட விரிவுரை என்றே கொள்ளலாம்.

பெயரைக் கண்டு ஆசிரியரைக் கியூபா நாட்டவர் என வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். அவர் அமெரிக்கர். பதினான்கு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளிகளில் வரலாறு கற்பித்தவர். கிளீவ்லாந்திலும் தலைநகர் வாசிங்டனிலும், பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மாணவர்கள் பயின்ற பள்ளிகளில் அவர் பணியாற்றினார். பின்னர் வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டன் மாவட்டப் பள்ளிகளுக்கு ஏழாண்டுகள் கண்காணிப்பாளராக இருந்தார். 1981-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இவ்வாழ்க்கைக் குறிப்பை ஈண்டு நாம் தருவது சடங்குக்காக அன்று. கல்வியில் கருவிகளைப் பற்றி எழுதுவோர் பலர் சுண்ணக்கட்டியைக் கையால் தொட்டவர்கள் அல்லர். கியூபனோ ஒரு நாளில் ஐந்து வகுப்புகள் எடுத்துக் களைத்த குரலோடு எழுதுகிறார். அக்குரலே இந்நூலின் வலிமை. பின்னர் காட்டப்போகும் குறைக்கும் அதுவே காரணம்.

நூல் சொல்லும் கதை எளியது. 1920-களில் திரைப்படம் பள்ளிக்குள் வந்தது. அதற்கு முன்பே 1913-இல் தாமஸ் எடிசன், பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் பயனற்றுப் போகும் என்றும், பத்தாண்டுகளில் பள்ளிமுறை அடியோடு மாறிவிடும் என்றும் இதழ்ச் செய்தியாளரிடம் கூறியிருந்தார். 1922-லும் அதே நம்பிக்கையை அவர் மீண்டும் வெளியிட்டார். எடிசனின் அறிவாற்றலை ஐயுறுவார் எவருமிலர். ஆனால் திரைப்படக் கருவியை விற்றவரும் அவரே என்பதை மறத்தல் ஆகாது. அடுத்து வானொலி வந்தது. ஒகாயோ மாநிலத்தில் 'வான்வழிப் பள்ளி' என்ற பெயரில் 1929-இல் ஒலிபரப்புத் தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்திய பெஞ்சமின் டேரோ, வானொலியைத் 'துணையாசிரியர்' எனக் குறிக்கும் தலைப்பில் 1932-இல் நூலொன்றும் எழுதினார். உலகத்தையே வகுப்பறைக்குள் கொணர்ந்து விடலாம் என்பது இவ்விரு கருவிகளுக்கும் பொதுவாயிருந்த வாக்குறுதி. முதலியலின் தலைப்பும் அதுவே.

இரண்டாம் இயல் தொலைக்காட்சியைப் பற்றியது. நூலின் உயிர்நாடியான பகுதி அதிலே உள்ளது. போர்டு அறநிறுவனம் 1950-களிலும் 1960-களிலும் பள்ளித் தொலைக்காட்சிக்காகப் பெரும்பொருளைச் செலவிட்டது. மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் பகுதிப் பள்ளிகளில் 1956-இல் தொடங்கிய திட்டம் அதில் பேர்பெற்றது. (இந்தியானா மாநிலத்தில் 1961 முதல் 1968 வரை, பாடங்களை ஒளிபரப்புவதற்கென்றே ஒரு விமானம் வானில் எட்டு வடிவில் வட்டமிட்டுப் பறந்து ஆறு மாநிலப் பள்ளிகளுக்குப் பாடம் அனுப்பியது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 1927-இல் மாணவர்களை விமானத்தில் ஏற்றினார்கள். 1961-இல் ஆசிரியரை ஏற்றினார்கள்.) ஆனால் எல்லாவற்றிலும் துணிவான முயற்சி பசிபிக் பெருங்கடலில், அமெரிக்கச் சமோவா தீவுகளில் நடந்தது.

அத்தீவுகளுக்கு 1961-இல் ஆளுநராக வந்த ரெக்ஸ் லீ, பள்ளிகளின் இழிநிலையைக் கண்டு வருந்தினார். கட்டடங்கள் சிதைந்திருந்தன. ஆசிரியர்கள் பெரும்பாலும் போதிய பயிற்சி பெறாத உள்ளூர் மக்கள்; அவர்களது ஆங்கிலமும் குறைபாடுடையதாகக் கருதப்பட்டது. அமெரிக்காவிலிருந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களை அழைத்து வருவதற்கு மாறாக, ஒரு சிலரை மட்டும் அழைத்து, அவர்களைப் படப்பிடிப்பு அரங்கில் நிறுத்தி, அவர்கள் நடத்தும் பாடத்தைத் தீவெங்கும் ஒளிபரப்புவது என்று அவர் முடிவு செய்தார். 1964-இல் ஒளிபரப்புத் தொடங்கியது. ஆறு அலைவரிசைகள், ஒவ்வொரு வகுப்புக்கும் குறித்த நேரத்தில் குறித்த பாடம். தொடக்கப் பள்ளி மாணவர்கள் பள்ளி நேரத்தில் கணிசமான பகுதியைத் தொலைக்காட்சியின்முன் கழித்தார்கள். 1966-இல் குடியரசுத் தலைவர் ஜான்சனே அங்கு நேரில் வந்தார். வளரும் நாடுகள் அனைத்துக்கும் இது முன்மாதிரி என்று பேசப்பட்டது.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். தொலைக்காட்சி ஆசிரியர் பாடம் நடத்தி முடித்ததும், வகுப்பில் நின்றுகொண்டிருந்த சமோவா ஆசிரியர் என்ன செய்தார்? அரங்கிலிருந்து அனுப்பப்பட்ட குறிப்பேட்டின்படி பயிற்சிகளை நடத்தினார். தம் ஊர்ப் பிள்ளைகளின் முகத்தில் புரியாமை படர்வதைக் கண்ணாரக் கண்டவர் அவர். ஆனால் பாடத்தை நிறுத்தும் உரிமை அவருக்கு இல்லை. அரங்கில் இருந்தவருக்கு அவ்வுரிமை உண்டு; அவருக்கோ முகங்கள் தெரியவில்லை. கற்பித்தல் என்னும் ஒரே செயலை இரண்டாகப் பிளந்து, கண்ணை ஒருவரிடமும் நாவை மற்றொருவரிடமும் கொடுத்துவிட்டார்கள். நாளடைவில் ஆசிரியர்களும் உயர்வகுப்பு மாணவர்களும் முணுமுணுக்கத் தொடங்கினர். 1970-களில் பயன்பாடு படிப்படியாகக் குறைந்தது. எதை, எப்போது பார்ப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு வகுப்பாசிரியரிடமே திரும்பியது. அப்பத்தாண்டின் முடிவில் தொலைக்காட்சி ஒரு துணைக்கருவியாகச் சுருங்கிவிட்டிருந்தது. கியூபன் இதனைப் பரிகாசமின்றி எழுதுகிறார். ஆளுநரின் நல்லெண்ணத்தையும் அவர் மறுக்கவில்லை.

மூன்று கருவிகளின் கதையிலும் ஒரே சுழற்சி திரும்பத் திரும்ப வருவதைக் கியூபன் எடுத்துக்காட்டுகிறார். முதலில் பேருவகை எழும். புதிய கருவி கல்வியைப் புரட்டிப் போடும் என்பார்கள். பின்னர் ஆய்வுகள் வரும்; கருவியால் கற்றவர் ஆசிரியரிடம் கற்றவருக்குக் குறைந்தவரல்லர் என அவை கூறும். சில ஆண்டுகளில், கருவிகள் பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்கின்றன என்ற குறை எழும். இறுதியில் பழி ஆசிரியர்மேல் விழும்: அவர்கள் பழைமைவாதிகள், மாற்றத்துக்கு அஞ்சுகிறவர்கள், சோம்பேறிகள்.

இப்பழியைக் கியூபன் எதிர்கொள்ளும் மூன்றாம் இயலே நம் மதிப்பீட்டில் நூலின் சிகரம். ஆசிரியர்கள் எல்லாப் புதுமைகளையும் தள்ளியவர்கள் என்றால், கரும்பலகையும் அச்சிட்ட பாடநூலும் எவ்வாறு உலகெங்கும் நிலைபெற்றன என்று அவர் கேட்கிறார். அவையும் ஒரு காலத்தில் புதுமைகளே. வகுப்பறையின் மெய்ந்நிலையை அவர் நம் கண்முன் நிறுத்துகிறார்: ஓர் அறை, முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், மணியடிக்கும் நேரத்துக்குள் முடித்தாக வேண்டிய பாடம், ஒழுங்கைக் காக்க வேண்டிய கடமை, ஆண்டிறுதியில் தேர்வு. இவ்வளவையும் ஒரே ஆள் தாங்கியாக வேண்டும். இந்நிலையில் ஆசிரியர் ஒரு கருவியைக் கையில் எடுக்குமுன் கேட்கும் கேள்விகள் நடைமுறைக் கேள்விகளாகவே இருக்கும். இது எளிதில் கிடைக்குமா? பழுதாகாமல் ஓடுமா? பாடத்தின் நடுவே ஒரு பிள்ளை எதிர்பாராத வினாவை எழுப்பினால் இதை உடனே நிறுத்தித் திருப்ப முடியுமா? நான் படும் இடர்ப்பாடு எதையேனும் இது தீர்க்குமா, அன்றிப் புதிதாக ஒன்றைச் சேர்க்குமா?

கரும்பலகை இக்கேள்விகள் அனைத்துக்கும் ஆம் என்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. எழுதியதை நொடியில் அழிக்கலாம். திரைப்படக் கருவியோ வேறோர் அறையில் இருந்தது. அதை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். படச்சுருள் குறித்த நாளில் வந்து சேர வேண்டும். அறையை இருட்டாக்க வேண்டும். சுருள் அறுந்தால் நாற்பது பிள்ளைகள் இருட்டில் எழுப்பும் ஓசையை அடக்க வேண்டும். வானொலிப் பாடம் பத்து மணிக்கு வரும். வகுப்பு பத்தே காலுக்குத் தொடங்கும். கருவியை ஒதுக்கிய ஆசிரியர் அறியாமையால் ஒதுக்கவில்லை, தம் சூழல் விதித்த வரம்புக்குள் நின்று அறிவோடு தெரிந்தெடுத்தார் என்பது கியூபனின் துணிபு. திட்டமிட்டவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள். அவர்கள் தீர்க்க முயன்றது ஆசிரியருடைய சிக்கலை அன்று, ஆசிரியரையே ஒரு சிக்கலாகக் கருதினார்கள். இக்கூற்றை மறுப்பதற்கு நமக்குச் சான்று எதுவும் தென்படவில்லை.

கியூபனின் நடையைப் பற்றியும் ஒரு சொல். புள்ளிவிவரங்களை அவர் பயன்படுத்துகிறார். ஆனால் அவற்றின் பின்னே ஒளிந்துகொள்வதில்லை. பழைய ஆய்வறிக்கைகளையும் வகுப்பறைப் புகைப்படங்களையும் ஆசிரியர்களின் கூற்றுகளையும் அடுக்கி, அவற்றுக்கிடையே நிதானமாக நடந்து செல்கிறார். ஏறத்தாழ நூற்று முப்பது பக்கங்களில் அறுபதாண்டு வரலாறு அடங்கிவிடுகிறது. கல்வி பற்றிய நூல்களில் இச்சுருக்கம் அரிது.

எனினும் திறனாய்வாளன் புகழுரையோடு நின்றுவிடல் தகாது. இந்நூலில் ஒருவர் காணப்படவில்லை. அவர் மாணவர். கருவி எத்தனை மணி நேரம் பயன்பட்டது, எத்தனை ஆசிரியர்கள் பயன்படுத்தினர், எதற்காகப் பயன்படுத்தினர் என்பவற்றைக் கியூபன் கணக்கிடுகிறார். அக்கருவியின் முன்னும் கரும்பலகையின் முன்னும் அமர்ந்திருந்த பிள்ளையின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்ற வினா ஓரத்தில் நின்றுவிடுகிறது. ஆசிரியருக்கு வழக்கறிஞராக நின்று அவர் வாதாடுவதில் வெற்றி பெறுகிறார். ஆயினும் வழக்குமன்றத்தில் மற்றொரு தரப்பினரும் உண்டு. கரும்பலகை நிலைத்ததற்கு அதன் எளிமை ஒரு காரணம். நாற்பது பிள்ளைகளை ஒரே திசையில் நோக்கி அமர வைத்து வாய்மூடி எழுதச் செய்ய அது உதவியது என்பதும் காரணமன்றோ? நிலைத்து நிற்பது எதுவோ அது நல்லது என்னும் தொனி நூலில் ஆங்காங்கே கேட்கிறது. கியூபன் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் வாசிப்பவர் அம்முடிவுக்கு வருவதை அவர் தடுக்கவுமில்லை. நம் ஆசிரியப் பெருமக்களில் சிலர் இந்நூலைப் படித்துவிட்டு, தாம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்று ஆறுதலடைவதற்கு இடமுண்டு. நூலுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து அதுவே.

இவ்விடத்தில் இவான் இலிச்சை நினையாதிருக்க முடியவில்லை. குருத்துவப் பணியிலிருந்து 1969-இல் விலகிய அவர், பள்ளியிலிருந்து சமுதாயத்தை விடுவிக்க வேண்டும் என்று வாதிட்ட நூலை 1971-இல் வெளியிட்டார். கற்க விரும்புவோரையும் கற்பிக்க வல்லோரையும் கணிப்பொறியின் துணையால் இணைக்கும் வலைப்பின்னல்களை அந்நாளிலேயே அவர் கனவு கண்டார். இலத்தீன் அமெரிக்காவில் தொலைக்காட்சிக்காக முடக்கப்பட்ட பணத்தைக் கொண்டு, பெரியவர்களில் ஐவருக்கு ஒருவர் வீதம் ஒலிப்பதிவுக் கருவி வழங்கியிருக்கலாம் என்று கணக்கும் சொன்னார். தொலைக்காட்சியில் ஒருவர் பேசப் பலர் கேட்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியிலோ கேட்பவரும் பேசலாம். பள்ளியே வேண்டாம் என்ற இலிச்சின் முடிவை நாம் ஏற்கவில்லை. வீட்டில் புத்தகமும் அமைதியும் உள்ள பிள்ளைக்கு மட்டுமே அது வாய்க்கும். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி கூர்மையானது: இக்கருவியின் வழியே பேசுகிறவர் யார்? கியூபன் கேட்பதோ இக்கருவியைக் கையாள்கிறவர் யார் என்பது. சமோவாவின் கதையை இலிச்சின் கேள்வியோடு வாசித்தால் கியூபன் கண்டதற்கு மேலும் ஒன்று புலப்படுகிறது. ஆசிரியர் வாய்மூடியிருந்தார் என்பதைக் கியூபன் காட்டினார். பிள்ளைகள் முன்பும் வாய்மூடியிருந்தார்கள், தொலைக்காட்சி போன பின்பும் வாய்மூடியிருந்தார்களோ என்னும் ஐயம் நமக்கு எழுகிறது.

நான்காம் இயல் கணிப்பொறியைப் பற்றியது. 1986-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். சீமோர் பேப்பெர்ட் எழுதிய 'மனப் புயல்கள்' வெளிவந்து ஆறாண்டுகளே ஆகியிருந்தன. பிள்ளைகள் கணிப்பொறிக்குக் கட்டளையிட்டுத் தாமே கற்பார்கள் என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. அந்த ஆரவாரத்தின் நடுவே கியூபன், இதுவும் முன்னவற்றின் வழியே போகக்கூடும் என எச்சரித்தார். சிறு பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் இடையிலான அன்புறவை இயந்திரம் என்ன செய்யும் என்றும் வினவினார். 2001-இல் வெளியிட்ட மற்றொரு நூலில், கணிப்பொறித் தொழிலின் தாயகமான சிலிக்கான் பள்ளத்தாக்குப் பள்ளிகளையே நேரில் ஆராய்ந்தார். அங்கும் கருவிகள் நிறைந்திருந்தன. வகுப்பில் அவற்றை முனைப்போடு பயன்படுத்தியோர் சிலரே. அதே ஆசிரியர்கள் தம் வீட்டில் பாடம் ஆயத்தம் செய்யக் கணிப்பொறியைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். இயந்திரத்துக்கு அஞ்சியவர்கள் அல்லர் என்பது இதனால் தெளிவாயிற்று.

அவரது எச்சரிக்கைக்கு வரலாறு தந்த சான்றுகளில் ஒன்று மீண்டும் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலேயே கிடைத்தது. அந்நகரப் பள்ளி மாவட்டம் 2013-இல், ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட தன் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஐபேட் கருவி தருவதென முடிவு செய்தது. கருவிகள் வழங்கப்பட்ட சில வாரங்களுக்குள் மாணவர்கள் அதன் காப்புத்தடைகளை எளிதாக நீக்கி, தாம் விரும்பியவற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2014-இல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அம்மாணவர்கள் தடைகளை நீக்கியதே அவ்வாண்டு அக்கருவியைக் கொண்டு நிகழ்ந்த மெய்யான கற்றல் என்று நகையாடத் தோன்றுகிறது. அத்திட்டத்தைத் தீட்டியோர் எவரேனும் கியூபனின் இரண்டாம் இயலைப் புரட்டியிருந்தால் பெரும்பொருள் மிஞ்சியிருக்கும்.

நம் நாட்டு வாசகருக்கு இக்கதை அயலானது அன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனம் தற்காலிகமாக வழங்கிய செயற்கைக்கோளைக் கொண்டு, 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பப்பட்டது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. தமிழகம் அவ்வாறு மாநிலங்களில் ஒன்றன்று. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் திருப்பி எடுத்துக்கொள்ளப்பட்டது. பொறியியல் நோக்கில் அது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

கியூபன் 1986-இல் கருதிப் பார்த்திராத சோதனை 2020-இல் வந்தது. அவரது வாதம் முழுவதும் ஓர் அடிப்படைமீது நிற்கிறது: வகுப்பறை இருக்கும், கருவி வெளியிலிருந்து அதன் கதவைத் தட்டும். 2020 மார்ச்சில் கதவே அடைக்கப்பட்டது. அமெரிக்காவிலும் நம் நாட்டிலும் ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் திரைக்கு முன் அமர நேர்ந்தது. ஆசிரியர் தெரிந்தெடுப்பார் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கையில் இருந்தது ஒரே கருவி. தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் முதல் நாளில். ஏறத்தாழ இருபது மாதங்கள்!

இக்காலத்தைப் பற்றி அவசரத் தீர்ப்பு கூறலாகாது. அமெரிக்காவில் தேசிய அளவிலான மதிப்பீட்டுத் தேர்வில், ஒன்பது வயதுப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் 2020-க்கும் 2022-க்கும் இடையே 5 புள்ளியும் கணித மதிப்பெண் 7 புள்ளியும் சரிந்தன. அத்தேர்வின் வரலாற்றில் அவ்வயதினரின் கணித மதிப்பெண் சரிந்தது அதுவே முதல் முறை. ஆனால் சாவும் நோயும் வேலையிழப்பும் வீட்டுக்குள் புகுந்திருந்த நாள்கள் அவை. முழுப் பழியையும் திரையின் தலையில் ஏற்றுவது, முன்பு முழுப் பழியையும் ஆசிரியர்மீது ஏற்றியதைப் போன்ற பிழையாகும். திரை இல்லாதிருந்தால் பல பிள்ளைகளுக்கு அந்தச் சிறு தொடர்பும் இருந்திராது. நம் ஊர்களில் ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகளும் ஒரு தந்தையும் பகிர்ந்துகொண்ட வீடுகளில், தந்தை வேலைக்குப் புறப்பட்டதும் பள்ளியும் அவரோடு புறப்பட்டுப் போனது. அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்தமையால், கைபேசி இல்லாத வீடுகளுக்கும் ஓரளவு பாடம் சென்றது. அங்கும் சமோவாவின் இடர்ப்பாடே: அரங்கில் பேசியவருக்கு முகங்கள் தெரியவில்லை.

பள்ளிகள் திறக்கும் தறுவாயில், 2021 அக்டோபரில், தமிழக அரசு விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இந்நூலின் வாசகருக்குச் சிந்தனைக்குரியது. இழந்த கற்றலை மீட்க அது அனுப்பியது மனிதர்களை. அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்தினார்கள். அவர்களிடம் இருந்தவை ஒரு சிறு பலகையும் பாட்டும் விளையாட்டும். கருவி தவறியது, மனிதர் வென்றார் என்று இதனைச் சுருக்கிவிட வேண்டாம். அத்தன்னார்வலர்கள் கைபேசியையும் பயன்படுத்தினார்கள். எப்போது எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்பதை, எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து அவர்களே முடிவு செய்தார்கள்.

கியூபனும் ஓய்ந்துவிடவில்லை. எண்பது வயதைக் கடந்த பின்னரும் சிலிக்கான் பள்ளத்தாக்குப் பள்ளிகளின் கடைசி வரிசையில் போய் அமர்ந்து, கருவிகளைத் திறம்படக் கையாள்வோர் எனப் பெயர் பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகளைக் கவனித்தார். 2018-இல் வெளிவந்த அந்நூலுக்குத் தலைப்பு, பட்டாம்பூச்சியின் பறத்தலா, துப்பாக்கிக் குண்டின் பாதையா என்று வினவுகிறது. கல்வியின் முன்னேற்றம் வண்ணத்துப்பூச்சியைப் போன்றே அலைந்து செல்லும் என்று பிலிப் ஜாக்சன் 1968-இல் சொன்ன உவமையிலிருந்து எடுத்தது அது. கருவிகள் இப்போது சுண்ணக்கட்டியைப்போல் இயல்பாகிவிட்டன என அவர் ஒப்புக்கொள்கிறார். அவற்றைப் பயன்படுத்தியதால் பாடம் நடத்தும் அடிப்படை வடிவம் மாறிவிட்டதா என்று கேட்டால், பெரிதும் மாறவில்லை என்கிறார். முதல் நூலில் கருவிகளை மூடிய அறையில் தூசியோடு கண்டவர், இந்நூலில் மேசைதோறும் காண்கிறார். முடிவு மட்டும் ஏறத்தாழ அதுவே. தம் பழைய முடிவை மறுக்கும் சான்றுகளைத் தேடி அவ்வயதில் புறப்பட்ட நேர்மை போற்றத்தக்கது. ஆனால் அவ்வகுப்புகளிலும் அவர் மிகுதியாகக் கேட்டு எழுதியது ஆசிரியர்கள் கூறியவற்றையே. கடைசி வரிசையில் தமக்கு அருகில் அமர்ந்திருந்த மாணவனிடம் இன்னும் சற்று நேரம் பேசியிருக்கலாம்.

'ஆசிரியர்களும் இயந்திரங்களும்' நூலை வாசிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. முதலியலிலிருந்து தொடங்க வேண்டாம். பெயர்களும் ஆண்டுகளும் மலிந்த பகுதி அது. மூன்றாம் இயலை முதலில் வாசித்து, அதில் சொல்லப்படும் வகுப்பறையைத் தம்முடைய வகுப்பறையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பின்னர் சமோவாவுக்குச் செல்லலாம். கணிப்பொறி பற்றிய கடைசி இயலை, அது எழுதப்பட்டபோது இணையம் எந்தப் பள்ளியையும் எட்டியிருக்கவில்லை என்பதை நினைவில் கொண்டு வாசிக்க வேண்டும்.